டிஸ்க்ரீட் சாலிட்டான்: கொங்குப் பக்கத்திலிருந்து ஆராய்ச்சிக்குள் நுழைகிறவர்களுக்கு

கோவை, ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவர்களும் இ.சி.இ. படித்த இன்ஜினீயர்களும் ஒளியியலில் ஆராய்ச்சி செய்யும் ஆசையோடு வரும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஏனுங்க சார், லேசரும் இல்ல, லேபும் இல்ல. இங்க உக்காந்துட்டு இதெல்லாம் பண்ண முடியுமாங்க?"

முடியும். டிஸ்க்ரீட் சாலிட்டான் என்பது, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிய ஒளிப்பாதைகளில் (வேவ்கைடுகளில்) விரியாமல் ஒரே வடிவில் போகும் ஒளி. இது தாளில் பிறந்த துறை. நேரியலற்ற, அதாவது ஒளியின் செறிவுக்கேற்பத் தன் குணம் மாறும் வேவ்கைடு வரிசை ஒன்றில் ஒளி பரவி வீணாகாமல் தன்னைத்தானே ஓரிடத்தில் நிறுத்திக்கொள்ள முடியும் என்று கிறிஸ்டோடூலிடிஸும் ஜோசப்பும் 1988-ல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். ஆய்வகத்தில் அதைப் பார்த்தது 1998-ல். இடைப்பட்ட பத்து வருஷமும் துறையை நடத்தியவை காகிதமும் கணினியும்தான். இன்றைக்கு ஒரு சாதாரண லேப்டாப்பும் பைத்தானும் இருந்தால், அந்த அடிப்படை முழுவதையும் உங்கள் கையாலேயே மறுபடி எழுப்பிப் பார்க்கலாம்.

முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியவை அதிகமில்லை. முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாடுகள், அணிகளின் ஐகன் மதிப்புகள், ஃபூரியர் தொடர் ஆகியவை தடுமாறாமல் வர வேண்டும். திடநிலை இயற்பியலில் டைட் பைண்டிங் மாதிரியைப் படித்தவர்களுக்குப் பாதிக் கணக்கு ஏற்கெனவே பழக்கமானதாகவே இருக்கும்.

ஆர்வத்தில் பலரும் நேராகச் சாலிட்டானுக்குத் தாவிவிடுகிறார்கள். அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இந்தத் துறையின் வியப்பில் முக்கால்வாசி, ஒளி குறைவாக இருக்கும்போதே, அதாவது நேரியல் நிலையிலேயே நடந்துவிடுகிறது. அதைக் கையால் கற்றவருக்குச் சாலிட்டான் தானாகப் புரியும். கற்காதவர் கணினி தரும் படத்தைப் பார்த்து அது சரியா தவறா என்றுகூடச் சொல்ல முடியாமல் நிற்பார். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

முதலில் இரண்டு வேவ்கைடு

வேவ்கைடு என்பது சுற்றுப்புறத்தைவிட ஒளிவிலகல் எண் சற்றே கூடுதலாக உள்ள ஒரு மெல்லிய பாதை. முழு அக எதிரொளிப்பால் ஒளி அதற்குள்ளேயே ஓடுகிறது. ஆனாலும் அலையின் ஓரம் சுவரோடு நின்றுவிடாது. வெளியே கொஞ்சம் நீண்டு, வேகமாகத் தேய்ந்து மறையும். சில மைக்ரான் தள்ளி இன்னொரு வேவ்கைடு இருந்தால் அந்த ஓரம் அதைத் தொடும், ஒளி அங்கே கசியும். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதை நம் பக்க விவசாயிகள் பலர் ஏன் எதிர்த்தார்கள் என்று தெரிந்தவர்களுக்குக் கசிவைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் ஓடுவது வாய்க்காலில், ஊறுவது பக்கத்துக் கிணற்றில். ஒளிக்கசிவில் கூடுதலாக இரண்டு சங்கதிகள் உண்டு. போன ஒளி திரும்பி வரும். ஒரு வேவ்கைடிலிருந்து அடுத்ததற்குத் தாவும் ஒவ்வொரு முறையும் அதன் கட்டம் (ஃபேஸ்) 90 பாகை மாறும்.

இதைச் சமன்பாடாக எழுத ஒரு வரி போதும். ஒரு வேவ்கைடில் அலைவீச்சு தூரத்தோடு மாறும் வீதம், பக்கத்து வேவ்கைடின் வீச்சை ஓர் இணைப்பெண்ணாலும் (கசிவின் வலுவைக் காட்டும் எண்) கற்பனை அலகாலும் பெருக்கினால் கிடைக்கும். இரண்டு வேவ்கைடுக்கு இப்படி இரண்டு சமன்பாடு. முதலாவதில் மட்டும் ஒளியைச் செலுத்தித் தீர்த்தால், அதில் மிஞ்சும் திறன் கொசைன் வர்க்கமாகவும் மற்றதில் சேரும் திறன் சைன் வர்க்கமாகவும் வரும். இணைப்பெண்ணையும் தூரத்தையும் பெருக்கினால் 1.57, அதாவது பை-யில் பாதி வரும் இடத்தில் ஒளி முழுவதும் பக்கத்துக்குப் போயிருக்கும். அதே அளவு தூரம் மேலும் போனால் முழுவதும் திரும்பியிருக்கும். இந்தக் கணக்குக்குக் கணினியைத் தொடாதீர்கள். 90 பாகை எங்கிருந்து வருகிறது என்பதைப் பென்சிலால் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

பிறகு முழு வரிசை

இப்போது ஒரே மாதிரியான வேவ்கைடுகளைச் சம இடைவெளியில் நீளமாக அடுக்குங்கள். ஒவ்வொன்றும் இடமும் வலமும் உள்ள அண்டைகளோடு மட்டும் இணைந்திருக்கிறது. நடு வேவ்கைடில் மட்டும் ஒளியைச் செலுத்தினால் என்ன ஆகும்? நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும், மணி வடிவத்தில் விரியும் என்றுதான் யாருக்கும் தோன்றும். காற்றில் போகும் லேசர் கற்றை அப்படித்தான் விரிகிறது. இங்கே நடப்பது வேறு. ஒளியின் பெரும்பகுதி இரண்டு ஓரங்களுக்கும் ஓடிவிடும். நடுப்பகுதி மங்கிப்போகும். தாவல் ஒவ்வொன்றுக்கும் 90 பாகை மாறுவதால், வெவ்வேறு வழியாகச் சுற்றி நடுவுக்குத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதே காரணம். இதைத்தான் டிஸ்க்ரீட் டிஃப்ராக்ஷன், அதாவது தனித்தனிப் பாதைகளில் நடக்கும் ஒளிவிரிவு என்கிறோம். சோமெக்கும் அவருடைய கூட்டாளிகளும் காலியம் ஆர்சனைடு வேவ்கைடுகளில் 1973-லேயே இதைப் பார்த்துவிட்டார்கள்.

இதற்குத் துல்லியமான விடை உண்டு. நடுவிலிருந்து எத்தனையாவது வேவ்கைடோ அந்த வரிசை எண்ணுள்ள பெசல் சார்புதான் அங்குள்ள வீச்சு. அந்தச் சார்புக்குள் போட வேண்டியது, இணைப்பெண்ணையும் தூரத்தையும் பெருக்கி வருவதன் இரு மடங்கு. இதைக் கையால் வருவித்துவிட்டு, இப்போது முதல் நிரலை எழுதுங்கள். பைத்தானில் நம்பை (NumPy), சைபை (SciPy) என்ற இரண்டு கணக்குத் தொகுப்புகள் போதும். மேட்லாப் உரிமம் இல்லையென்று யாரும் நிற்க வேண்டாம், ஆக்டேவிலும் இதே வேலை நடக்கும். இணைப்பெண்ணை 1 என்று வையுங்கள். 101 வேவ்கைடு எடுங்கள். நான்காம் வரிசை ருங்கே-குட்டா முறையில், 0.01 படியில் ஓட்டுங்கள்.

சரிபார்ப்பு இப்படி. தூரம் 1.2024 ஆகும்போது நடு வேவ்கைடு முழு இருட்டாக வேண்டும், ஏனென்றால் பூச்சிய வரிசைப் பெசல் சார்பு முதன்முதலில் பூச்சியமாவது 2.405-இல். அந்த இடத்தில் இடமும் வலமுமாக முதல் அண்டைகள் ஒவ்வொன்றிலும் சுமார் 27 சதவீதம், இரண்டாம் அண்டைகளில் 19 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, மூன்றாம் அண்டைகளில் 4 சதவீதம் இருக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், நூறை நெருங்கும். இன்னொரு சோதனையும் உண்டு. நடுவிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கச் சராசரி, பயணத் தூரத்தின் வர்க்கத்தைப் போல இரு மடங்காக வளர வேண்டும். இந்த எண்கள் வராமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது. ஒளியின் முன்விளிம்பு ஒரு அலகு தூரத்துக்கு இரண்டு வேவ்கைடு வேகத்தில் நகரும் என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். 101 வேவ்கைடு உள்ள வரிசையை 25-க்கு மேல் ஓட்டினால் ஒளி ஓரச் சுவரில் மோதித் திரும்பும். அந்த எதிரொளிப்பை ஏதோ புதிய நிகழ்வு என்று நினைத்து விளக்கம் எழுதுகிறவர்கள் உண்டு.

அடுத்தது கோணம். ஒரே வேவ்கைடுக்குப் பதிலாக, பல வேவ்கைடுகளை மூடும் அகலமான கற்றையைச் சற்றுச் சாய்வாகச் செலுத்துங்கள். சாய்வு என்றால் ஒரு வேவ்கைடுக்கும் அடுத்ததற்கும் இடையே நிலையான கட்ட வேறுபாடு. அந்தக் கோணத்தின் கொசைனை இணைப்பெண்ணின் இரு மடங்கால் பெருக்கினால், முன்னோக்கிய அலை எண்ணில் வரும் மாற்றம் கிடைக்கும். இந்த ஒரு கொசைனுக்குள் பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. கட்ட வேறுபாடு 90 பாகையானால் கொசைனின் வளைவு பூச்சியம், கற்றை கிட்டத்தட்ட விரியாமலே சாய்ந்து போகும். 90-ஐத் தாண்டினால் டிஃப்ராக்ஷனின் குறியே மாறிவிடும். சாதாரணக் கண்ணாடிக்குள்ளோ காற்றிலோ இப்படி நடக்க வழியே இல்லை. வரிசை என்ற அமைப்பு தந்த வரம் இது. ஐசன்பர்க் குழு 2000-இல் இதை வைத்தே டிஃப்ராக்ஷனை விரும்பியபடி அமைக்கலாம் என்று காட்டியது. அகலக் கற்றையை 0, 45, 90, 135, 180 பாகைகளில் ஓட்டி, ஐந்து படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள் என்பேன்.

இப்போது ஒளியைக் கூட்டுங்கள்

சில பொருள்களில் ஒளியின் செறிவு கூடக்கூட ஒளிவிலகல் எண்ணும் கூடும். இது கெர் விளைவு. வரிசையில் ஒரு வேவ்கைடுக்குள் மட்டும் பலமான ஒளி போனால் அதன் ஒளிவிலகல் எண் அண்டைகளிலிருந்து விலகிவிடும். அலைகளின் வேகம் ஒத்துப்போகாததால் கசிவு தடைபடும். கசிவும் இந்தத் தடையும் சமன்படும் நிலைதான் டிஸ்க்ரீட் சாலிட்டான். சமன்பாட்டில் கூடுவது ஒரே ஓர் உறுப்பு: அந்த வேவ்கைடின் வீச்சை அதே வேவ்கைடின் செறிவால் பெருக்கி, நேரியலற்ற குணகத்தால் பெருக்கியது. இதற்கு டிஸ்க்ரீட் நேரியலற்ற ஷ்ரோடிங்கர் சமன்பாடு என்று பெயர்.

எவ்வளவு திறன் வேண்டும்? இதைக் கணினி இல்லாமலே மதிப்பிடலாம். இந்தச் சமன்பாட்டில் இரண்டு அளவுகள் தூரத்தோடு மாறுவதில்லை. ஒன்று மொத்தத் திறன். மற்றொன்று ஹாமில்டனியன், அதாவது அமைப்பின் ஆற்றலைப் போன்ற ஓர் அளவு. ஹாமில்டனியனில் அண்டைகளின் இணைப்பால் வரும் ஒரு பகுதியும், செறிவின் வர்க்கங்களைக் கூட்டி நேரியலற்ற குணகத்தால் பெருக்கிப் பாதியாக்கிய இன்னொரு பகுதியும் உண்டு. ஒரே வேவ்கைடில் தொடங்கும்போது முதல் பகுதி பூச்சியம், எல்லாம் இரண்டாவதில் இருக்கிறது. ஒளி முழுவதும் பரவிப்போனால் இரண்டாவது பகுதி தேய்ந்து பூச்சியமாகும். முதல் பகுதி எவ்வளவு பெருத்தாலும் இணைப்பெண்ணின் இரு மடங்கை மொத்தத் திறனால் பெருக்கியதைத் தாண்டாது. இரண்டையும் சமன் செய்து பாருங்கள். நேரியலற்ற குணகத்தைத் திறனால் பெருக்கி இணைப்பெண்ணால் வகுத்தால் வரும் எண் 4-ஐத் தாண்டினால், ஒளி முழுவதும் பரவிப்போக வழியில்லை. ஏதோ ஒரு பகுதி குவிந்தே நிற்க வேண்டும். நாலு வரிக் கணக்குக்கு இவ்வளவு பலன் கிடைப்பது அபூர்வம்.

இந்த எண்ணை 1, 2, 3, 4, 5, 6 என்று மாற்றி நிரலை ஓட்டுங்கள். பரவலிலிருந்து குவிதலுக்கு மாறும் இடம் 4-ஐத் தாண்டாது. அதற்கு எவ்வளவு கீழே என்பதை உங்கள் நிரல் காட்டும். ஓட்டம் முழுவதும் மொத்தத் திறனும் ஹாமில்டனியனும் ஆறு தசம இடம் வரையாவது அசையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். அசைந்தால் படியைச் சிறிதாக்குங்கள். இன்னொரு அருமையான சோதனை: நேரியலற்ற குணகத்தின் குறியை மாற்றி, அதே ஒற்றை வேவ்கைடுத் தொடக்கத்தில் ஓட்டுங்கள். செறிவுப் படம் ஒரு புள்ளிகூட மாறக் கூடாது. ஏன் என்று யோசியுங்கள். வீச்சுகளின் இணையெண்ணை எடுத்து, ஒன்று விட்டு ஒன்று குறியை மாற்றினால் சமன்பாடு தன்னிடமே திரும்பி வரும். அகலக் கற்றைக்கு இந்தச் சமச்சீர் கைகொடுக்காது. அங்கே குறி மாறினால் குவிவது விரியும். கோணத்தை 90 பாகைக்கு மேல் கொண்டுபோனாலும் அதேதான். மொரண்டோட்டியும் கூட்டாளிகளும் 2001-இல் ஒரே வரிசையில், கோணத்தை மட்டும் மாற்றி, குவிதலையும் விரிதலையும் காட்டினார்கள்.

பலருக்கும் குழப்பம் வரும் ஓரிடத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஒற்றைப் பரிமாண வரிசையில் சாலிட்டான் இருப்பதற்குக் குறைந்தபட்சத் திறன் என்று எதுவும் கிடையாது. திறன் குறையக் குறைய அது அகலமாகும், அவ்வளவுதான். மேலே கண்ட வரம்பு, ஒரே வேவ்கைடில் ஒளியைத் திணித்துத் தொடங்கும் முறைக்கு உரியது. இரு பரிமாண வரிசையில் மட்டும் சாலிட்டானுக்கே ஒரு குறைந்தபட்சத் திறன் உண்டு. இந்த இரண்டையும் கலந்து எழுதிய கட்டுரையை நடுவர்கள் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார்கள்.

சாலிட்டானை நேரடியாகக் கண்டுபிடிக்கும் முறை

மேலே செய்தது ஒளியைச் செலுத்திவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பது. ஆராய்ச்சிக்கு அது போதாது. வடிவம் மாறாமல் கட்டம் மட்டும் சீராகச் சுழலும் தீர்வை நேரடியாகத் தேட வேண்டும். சுழலும் வீதத்தை 1 என்றும் நேரியலற்ற குணகத்தை 1 என்றும் வைத்தால், ஒவ்வொரு வேவ்கைடுக்கும் ஓர் இயற்கணிதச் சமன்பாடு கிடைக்கும். இதை நியூட்டன் முறையில் தீர்க்கலாம். ஆனால் தொடக்க ஊகம் சரியாக இல்லாவிட்டால் நியூட்டன் முறை எங்கெங்கோ அலையும்.

இங்கே ஓர் அழகான வழி இருக்கிறது. இணைப்பெண்ணைப் பூச்சியமாக்கிவிடுங்கள். அப்போது வேவ்கைடுகள் தனித்தனி, ஒவ்வொன்றின் வீச்சும் பூச்சியமாகவோ ஒன்றாகவோ இருக்கலாம். நடுவில் ஒன்று, மற்றதெல்லாம் பூச்சியம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இது துல்லியமான தீர்வு. இனி இணைப்பெண்ணை 0.01 படியாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் முந்தைய விடையையே தொடக்க ஊகமாகக் கொடுங்கள். 0.5-ஐ நெருங்க நெருங்க, சாலிட்டான் அகன்று, தொடர் ஊடகத்தில் உள்ள ஹைபர்போலிக் சீகன்ட் (sech) வடிவச் சாலிட்டானைப் போலவே ஆகும். மெக்கேயும் ஆப்ரியும் 1994-ல் வேறு வகை அலைவுகளுக்கு இந்த உத்தியைக் கணிதமாக நிறுவினார்கள். அன்றிலிருந்து துறை முழுவதும் இதில்தான் நடக்கிறது.

இப்போது நடுவில் ஒன்றுக்குப் பதில் பக்கத்துப் பக்கத்து வேவ்கைடு இரண்டிலும் ஒன்று என்று தொடங்குங்கள். இன்னொரு குடும்பம் கிடைக்கும். ஒன்று வேவ்கைடின் மேல் உட்கார்ந்தது, மற்றது இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்தது. இரண்டில் நிலையானது எது? தீர்வைச் சுற்றிச் சிறு அதிர்வு கொடுத்து, நேரியல் ஆக்கி, வரும் அணியின் ஐகன் மதிப்புகளைக் கணக்கிடுங்கள். வேவ்கைடின் மேல் உள்ளதற்கு எல்லா மதிப்பும் கற்பனை அச்சிலேயே கிடக்கும், அது நிலையானது. நடுவில் உள்ளதற்கு ஒரு சோடி மெய்ம்மதிப்பு வெளியே வரும், அது நிலையற்றது. உங்கள் நிரல் சரியா என்று பார்க்க ஓர் எண் தருகிறேன்: இணைப்பெண் 0.01 ஆக இருக்கும்போது அந்த மெய்ம்மதிப்பு ஏறக்குறைய 0.2 வர வேண்டும். இரண்டே வேவ்கைடு உள்ள கணக்கைக் கையால் போட்டால் இந்த 0.2 எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

ஒரே திறனில் இந்த இரு வடிவங்களின் ஹாமில்டனியன் வேறுபாட்டைப் பைர்ல்ஸ்-நபாரோ தடை என்கிறோம். சாலிட்டானைப் பக்கவாட்டில் நகர்த்த அந்தத் தடையைத் தாண்ட வேண்டும். ஒடுக்கமான, திறன் மிகுந்த சாலிட்டான் ஓரிடத்திலேயே பூட்டிக்கொண்டு நகர மறுப்பது இதனால்தான். கிவ்ஷாரும் கேம்பெல்லும் 1993-ல் எழுதிய கட்டுரை இந்த இடத்தில் கட்டாய வாசிப்பு. என்னைக் கேட்டால் புதியவர் ஒருவர் தன் முதல் அரையாண்டை இந்தத் தடையைச் சுற்றியே செலவிடலாம். கெர் விளைவு ஓரளவுக்கு மேல் தெவிட்டிப்போகும் பொருள்களில் இந்தத் தடை சில திறன்களில் மறைந்துவிடுவதும் உண்டு, அங்கிருந்து கேள்விகள் நிறையக் கிளைக்கின்றன.

எண்களுக்கு உயிர் கொடுங்கள்

இணைப்பெண் 1, குணகம் 1 என்று வைத்துக்கொண்டு எவ்வளவு காலமும் ஓட்டலாம். ஆனால் கட்டுரை எழுத உட்காரும்போது "இது எந்தப் பொருளில், எத்தனை வாட்டில்?" என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். ஐசன்பர்க், சில்பர்பர்க், மொரண்டோட்டி, பாய்ட், எய்ச்சிசன் ஐவரும் 1998-ல் செய்த பரிசோதனையை அளவுகோலாக எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியம் காலியம் ஆர்சனைடு வேவ்கைடுகள், 6 மில்லிமீட்டர் நீளம், 1.53 மைக்ரான் அலைநீளம், ஃபெம்டோ நொடித் துடிப்புகள். உச்சத் திறன் 70 வாட் இருந்தபோது ஒளி ஓரங்களுக்குப் பரவியது. 500 வாட்டில் நடுவில் குவிந்து நின்றது.

அந்தப் பொருளின் கெர் குணகம் வாட்டுக்குச் சுமார் 1.5-ஐப் பத்தின் அடுக்கு மைனஸ் 17-ஆல் பெருக்கிய சதுர மீட்டர். ஒளி அடங்கும் பரப்பு 15 சதுர மைக்ரான், இணைப்பெண் மில்லிமீட்டருக்கு 0.5 என்று தோராயமாக எடுத்துக் கணக்குப் போட்டால் நேரியலற்ற குணகம் வாட்டுக்கு, மில்லிமீட்டருக்கு 0.004 வரும். 500 வாட்டால் பெருக்கினால் மில்லிமீட்டருக்கு 2. இணைப்பெண்ணால் வகுத்தால் 4! தாளில் போட்ட நாலு வரிக் கணக்கு பரிசோதனையின் வாசலில் கொண்டுவந்து விடுகிறது. துடிப்பின் கால அமைப்பையெல்லாம் இதில் விட்டுவிட்டோம், அதனால் துல்லியம் எதிர்பார்க்க வேண்டாம். அளவின் ஒழுங்கு சரியாக வருகிறதா என்பதுதான் கேள்வி. இதே அமைப்பைச் சிலிக்கா கண்ணாடியில் செய்தால் கெர் குணகம் 500 மடங்குக்கு மேல் குறைவு, லட்சக்கணக்கான வாட் உச்சத் திறன் கேட்கும். அலுமினியம் காலியம் ஆர்சனைடை ஏன் தேர்ந்தார்கள் என்பது இப்போது விளங்கும். அதன் ஆற்றல் இடைவெளியில் பாதிக்கும் கீழே ஒளியை வைத்தால் இரு ஃபோட்டான் உட்கவர்தலும் தொந்தரவு செய்யாது.

கெர் மட்டும்தான் வழி என்றில்லை. ஃபிளைஷர், செகெவ், எஃப்ரமிடிஸ், கிறிஸ்டோடூலிடிஸ் நால்வரும் 2003-ல் ஒளியாலேயே வரிசையை எழுதக்கூடிய ஒளிவிலக்கப் படிகம் ஒன்றில் இரு பரிமாணச் சாலிட்டானைக் காட்டினார்கள். அங்கே மிகக் குறைந்த திறனே போதும். 2004-ல் லித்தியம் நியோபேட்டிலும் திரவப் படிகத்திலும் பார்த்தாயிற்று. ஒவ்வொரு பொருளுக்கும் சமன்பாடு சற்று மாறும், அதற்கேற்ப உங்கள் நிரலும் மாறும்.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பது

நம் பக்கத்தில் பரவலாக உள்ள ஒரு பழக்கத்தைப் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறேன். ஒரு சமன்பாட்டை எடுத்து, அதில் ஓர் உறுப்பைக் கூட்டி, ஏதோ ஒரு ஊக வடிவத்தைப் பொருத்தி, "புதிய துல்லியத் தீர்வு" என்று வெளியிடுவது. இந்தத் துறைக்கு அது உதவாது. டிஸ்க்ரீட் நேரியலற்ற ஷ்ரோடிங்கர் சமன்பாடு முழுத் தீர்வுத்தன்மை உடையதல்ல. அந்தப் பெருமை அப்லோவிட்ஸும் லாடிக்கும் கண்ட இன்னொரு டிஸ்க்ரீட் வடிவத்துக்கு உண்டு, ஆனால் அதில் பைர்ல்ஸ்-நபாரோ தடை இல்லை. உண்மையான வேவ்கைடு வரிசையின் குணம் முழுவதும் அந்தத் தடையில்தானே இருக்கிறது! ஆகவே கிடைத்த தீர்வு நிலையானதா, எந்தத் தொடக்கத்திலிருந்து உருவாகும், எந்தப் பொருளில் எத்தனை வாட்டில் தெரியும் என்று சொல்ல முடியாத தீர்வை வெளியிட அவசரப்படாதீர்கள்.

நல்ல கேள்விக்கு எடுத்துக்காட்டு: வரிசையில் சிறு ஒழுங்கின்மை இருந்தால் ஒளி ஆண்டர்சன் முறையில் குவியும், அதாவது சிதறிய அலைகளின் குறுக்கீட்டால் ஓரிடத்தில் அடைபடும், இதை ஷ்வார்ட்ஸ் குழு 2007-லும் லஹினி குழு 2008-லும் வரிசைகளில் காட்டின. ஒழுங்கின்மையும் கெர் விளைவும் சேரும்போது குவிதல் வலுக்கிறதா தளர்கிறதா என்பது தொடக்க நிலையைப் பொறுத்து மாறும். இரண்டாம் அண்டை இணைப்பு, பெருக்கமும் இழப்பும் மாறி மாறி வரும் வரிசைகள், ஓரத்தில் ஒட்டிய சாலிட்டான்கள் எல்லாமும் உங்கள் கையில் ஏற்கெனவே உள்ள நிரலை ஒன்றிரண்டு வரி மாற்றினால் தொடக்கூடியவை.

ஆளும் இடமும்

கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும் இயற்பியல் துறைகள் இருக்கின்றன. கரூரைத் தாண்டினால் திருச்சி. பொள்ளாச்சியில் பிறந்த மு. இலட்சுமணன் அங்கே பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் நேரியலற்ற இயக்கவியலுக்கு ஒரு மையத்தையே வளர்த்தெடுத்தார். ஹைசன்பர்க் ஸ்பின் சங்கிலியின் தொடர்ச்சியான (continuum) வடிவமும் நேரியலற்ற ஷ்ரோடிங்கர் சமன்பாடும் ஒன்றுக்கொன்று சமானம் என்று 1977-ல் காட்டியவர் அவர். இந்தத் துறைக்குத் தமிழ்நாட்டில் வேர் இருக்கிறது, யாரிடம் போய்க் கேட்பது என்று திகைக்க வேண்டாம். ஆராய்ச்சிப் படிப்பில் சேர்வதற்கான நெட், கேட், ஜெஸ்ட் தேர்வுகள் பற்றி எல்லோருக்கும் தெரியும், நான் நீட்டவில்லை. எம்.எஸ்ஸி. படிக்கும்போதே இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தரும் கோடை ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஷோத்கங்கா தளத்தில் அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளை இறக்கிப் படியுங்கள். பெயரைவிட ஆய்வேடுகள் அதிகம் சொல்லும். முதன்முதலாக அவரைப் பார்க்கப் போகும்போது மதிப்பெண் பட்டியலோடு நான்கு படங்களையும் எடுத்துப் போங்கள்: நடு இருட்டான டிஸ்க்ரீட் டிஃப்ராக்ஷன், ஐந்து கோணக் கற்றைகள், திறன் கூடக்கூடக் குவியும் ஒளி, இரு சாலிட்டான்களின் ஐகன் மதிப்புகள். "இதுவரைக்கும் நானே பண்ணிப் பாத்துட்டேனுங்க, இதுக்கு மேல எங்க போறதுன்னு கேக்க வந்தேன்" என்று சொல்லும் மாணவரை உட்காரச் சொல்லாத பேராசிரியரை நான் பார்த்ததில்லை.

வாசிப்புக்கு ஆர்க்கைவ் (arXiv) என்ற முன்வெளியீட்டுத் தளத்தில் சாலிட்டான்களுக்கென்று தனிப் பிரிவும் ஒளியியலுக்குத் தனிப் பிரிவும் இருக்கின்றன. இரண்டையும் தினமும் காலையில் தலைப்பளவிலாவது பாருங்கள். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்கள் பக்கமே போகாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, தரமான இதழ்களைத் தொகுத்துத் தந்த தன் கேர் பட்டியலை 2025-ல் கைவிட்டுவிட்டதால் இதழின் தரத்தைப் பார்க்க வேண்டிய பொறுப்பு இப்போது உங்களுடையது. ஓர் இதழில் இந்தத் துறையின் நல்ல கட்டுரைகள் தொடர்ந்து வருகின்றனவா, நீங்கள் படித்து மதிக்கும் ஆய்வாளர்கள் அதில் எழுதுகிறார்களா என்று பாருங்கள். ஆர்க்கைவில் முதல் கட்டுரை போடும் புதியவருக்கு ஏற்கெனவே அந்தப் பிரிவில் எழுதிவரும் ஒருவரின் பரிந்துரை தேவைப்படலாம். வரைவு முடிவதற்கு முன்பே வழிகாட்டியிடமோ அவருடைய பழைய மாணவரிடமோ அதைக் கேட்டு வைத்துவிடுங்கள்.